கரகரப்பு

பத்து நாள் வாயைத் திறக்கக்கூடாது என்றார் தொண்டை மருத்துவர். மெதுவாகப் பேசலாமா என்று கேட்டேன். கிசுகிசுப்பது இன்னும் கெடுதல் என்றார். மெல்லிய குழாயை உள்ளே விட்டு எடுத்த படத்தைத் திரையில் காட்டினார். வெளுத்த இரண்டு குரல்நாண்கள். இரண்டின் நடுவிலும் எதிரெதிராக, அரிசிக் குருணை அளவில் ஒரு தடிப்பு. "டீச்சருங்களுக்கு வர்றதுதாம்மா இது. பாடுறவங்களுக்கும் கூவி விக்கிறவங்களுக்கும் வரும்."

பதினெட்டு வருடமாகக் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். ஒரு வகுப்பில் அறுபது எழுபது பேர். மேலே மின்விசிறி கடகடக்கும். ஜன்னலுக்கு வெளியே பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். மைக் கிடையாது. கடைசி பெஞ்சு வரை கேட்க வேண்டும் என்று கத்திக் கத்தி வந்த குருணைகள் இவை. அப்படித்தான் மருத்துவரும் நினைத்தார். ஆனால் பாதிக் காரணம் வேறு என்று எனக்குத் தெரியும். நான் கத்தியது மட்டுமல்ல, கத்தும்போதும் இனிமையாக இருக்கப் பார்த்தேன்.

என் குரலுக்கு ஒரு வரலாறு உண்டு. பள்ளியில் கடவுள் வாழ்த்து, கல்லூரியில் தமிழ்த்தாய் வாழ்த்து. சங்கப் பெண்பாற் புலவர்கள் குறித்து ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கி வேலைக்குச் சேர்ந்த பிறகும், துறையின் எல்லா விழாக்களிலும் எனக்கு நிகழ்ச்சித் தொகுப்புதான். கட்டுரை வாசிப்பவர்கள் ஆண்கள். "மேடம் குரல் தேன்மாதிரி, நீங்களே பண்ணிருங்க." ஒரு கவியரங்கில், கரு கலைந்த ஓர் இரவைப் பற்றி எழுதிய கவிதையை வாசித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். தலைமை வகித்தவர் மைக்கைப் பிடித்து, காதில் தேன் பாய்ந்தது என்றார். கைதட்டினார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் தொண்டையில் எங்கோ உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பத்து நாளில்தான் போல்ட் த்ரோவர் என்ற இங்கிலாந்து டெத் மெட்டல் இசைக்குழுவைக் கேட்டேன். அவர்களுடைய கடைசித் தொகுப்பு வழியாக, இருபது வருடம் தாமதமாக.

கேட்க வைத்தவள் மகள். பதினேழு வயது, பிளஸ் டூ. அவள் அறையிலிருந்து வரும் சத்தத்துக்கு நான் வைத்திருந்த பெயர் பன்னி உறுமல். கதவைத் தட்டி "அந்த உறுமலை நிறுத்துடி" என்று ஒரு நாளைக்கு நான்கு முறையாவது கத்துவேன். மூன்றாம் நாள் அவளே வந்து என் தலையில் ஹெட்போனை மாட்டினாள். "இப்பதாம்மா நீ குறுக்க பேசாமக் கேப்ப."

தொகுப்பின் பெயர் தோஸ் ஒன்ஸ் லாயல். ஒருகாலத்தில் விசுவாசமாக இருந்தவர்கள் என்று பொருள் சொல்லலாம். 2005ல் வந்தது. ஒன்பது பாடல்கள், நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதல்முறை கேட்டபோது சுவரில் முட்டிக்கொண்டதுபோல இருந்தது. மறுக்க வாய் இல்லாததால் இரண்டாம் முறையும் கேட்டேன். அப்போதுதான் நடை பிடிபட்டது. டெத் மெட்டல் என்றால் கண்மண் தெரியாத வேகம் என்று நினைத்திருந்தேன். இவர்கள் அப்படி ஓடுவதில்லை. தாழ்ந்த சுருதியில் இரண்டு கிட்டார்களும் பேஸும் ஒன்றாக இறங்கி, கனத்த காலோடு நடக்கின்றன. எங்கள் ஊரில் சாவுக்குப் பறை அடிக்கும்போது ஓரிடத்தில் அடி நிதானப்பட்டு, நெஞ்சுக்கூட்டில் வந்து விழும். உடம்புக்கு அது தெரிந்த இடம்தான்.

மூன்றாம் முறை பாடல் வரிகளைக் கைபேசியில் வைத்துக்கொண்டு கேட்டேன். பயந்துகொண்டேதான் வாசித்தேன். இந்த இசை வகைக்கு ஓர் அசிங்கமான பக்கம் உண்டு. பெண்ணுடலைக் கிழிப்பதையும் கொல்வதையும் விலாவாரியாகப் பாடிப் பேர் வாங்கிய குழுக்கள் இருக்கின்றன. அமெரிக்காவின் கனிபல் கார்ப்ஸ் குழுவின் தொடக்ககாலத் தொகுப்புகளைச் சொல்லலாம். பெண்ணியவாதிகள் அவற்றைக் கண்டித்ததில் எனக்கு முழு உடன்பாடு. கலை என்று சொல்லி அதைக் கடந்துவிட முடியாது. ஆனால் இந்தத் தொகுப்பில் அது ஒன்றும் இல்லை. பதுங்குகுழிகளில் நிற்பவர்கள், பீரங்கி ஓய்ந்த பிறகு வரும் அமைதி, செத்தவர்களை நினைத்துக்கொள்ளும் உயிரோடிருப்பவர்கள். அட்டையில் ஒரு போர் நினைவுச் சின்னத்தின் புடைப்புச் சிற்பம்: பீரங்கியைச் சுற்றிக் குனிந்து வேலை செய்யும் சிப்பாய்கள். பார்த்தவுடன் எனக்குத் தோன்றிய சொல் நடுகல்.

இந்தக் குழு 1986ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்தில் தொடங்கியது. 1940 நவம்பர் 14 இரவில் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு நாசமாக்கிய தொழில் நகரம் அது. இடிந்த தேவாலயத்தை இடிந்தபடியே விட்டுவிட்டு, பக்கத்திலேயே புதிய தேவாலயத்தைக் கட்டி 1962ல் திறந்தார்கள். ஊர் நடுவே அந்தக் கூரையில்லாத சுவர்களைப் பார்த்து வளர்கிற பிள்ளைகளுக்குப் போர் பாடுபொருளாவதில் வியப்பில்லை. முதலில் அவர்கள் பாடியது கற்பனைப் போர்கள்தான். குழுவின் பெயரே வார்ஹாமர் என்ற மேசை விளையாட்டில் வரும் ஓர் எறிகருவியின் பெயர். முதல் தொகுப்பு 1988ல் வந்தது. அடுத்தடுத்த தொகுப்புகளில் கற்பனைப் போர் மெல்ல மெல்ல உண்மைப் போராக மாறுகிறது. 1992ல் வந்த தொகுப்பின் அட்டையில் தெலக்ருவா வரைந்த, சிலுவைப்போர் வீரர்கள் கான்ஸ்டான்டிநோபிளுக்குள் நுழையும் ஓவியம். குதிரைகளின் காலடியில் மன்றாடும் மக்களும் விழுந்து கிடக்கும் பெண்களும் அதில் உண்டு. வெற்றி பெற்றவனின் படம் அது, ஆனால் கண் போவது கீழே கிடப்பவர்களிடம்.

நான்காம் நாள் மகள் ஒரு புகைப்படத்தைக் காட்டினாள். கறுப்பு உடையில் நீண்ட கூந்தலோடு ஐந்து பேர். "இதுல பொண்ணு யாருன்னு சொல்லு பாப்போம்" என்றாள். இரண்டு முறை தப்பாகக் காட்டினேன். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பேஸ் கிட்டார் வாசிப்பவர் ஜோ பெஞ்ச் என்ற பெண். 1987ல் சேர்ந்தார். 2016ல் குழு கலையும்வரை இருந்தார். பாடகர்கள் மாறினார்கள், டிரம்ஸ் வாசித்தவர்கள் மாறினார்கள். கார்ல் வில்லெட்ஸ் என்ற முதன்மைப் பாடகரே இடையில் விலகிப்போய் 2004ல் திரும்பியவர். ஜோ பெஞ்ச் போகவில்லை. முதல் தொகுப்பிலிருந்து கடைசித் தொகுப்பு வரை எல்லாவற்றிலும் அவருடைய பேஸ் இருக்கிறது.

1987ல் இந்த இசை வகையில் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பார்வையாளர் கூட்டமும் பெரும்பாலும் ஆண்கள்தான். எந்த நிறுவனமும் அட்டையில் அவரைத் தனியாக நிறுத்தி விற்றிருக்க முடியும். அப்படி ஓர் அட்டை இல்லை. ஐவரில் ஒருவராக நிற்கிறார். அவரைப் பெண்ணியத்தின் சின்னமாக்குவதற்காக இதை எழுதவில்லை. சின்னமாக்கப்படாமல் இருபத்தொன்பது வருடம் தன் வேலையைப் பார்த்த ஒரு பெண்ணைப் பார்த்ததும் எனக்கு வந்தது பொறாமை. நான் ஏறிய மேடைகளில் பாதியில் நான் 'மகளிர் பங்கேற்பு'. அழைப்பிதழில் பெயருக்கு முன்னால் 'பெண் கவிஞர்'. எத்தனை முறை ஏறினாலும், நான் அங்கே ஏன் இருக்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் ஒட்டப்பட்டிருக்கும். காரணம் ஒட்டாமல் ஓரிடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று அந்தப் புகைப்படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு ராத்திரி மகளுக்கு நோட்டில் எழுதிக் கேட்டேன்: உனக்கு ஏன் இது பிடிக்கிறது? அவள் பதிலைப் பேசவில்லை, நோட்டை வாங்கி எழுதினாள். "இதுல யாரும் என்னை நல்ல பொண்ணா இருக்கச் சொல்லல."

அதைப் படித்ததும் ஒரு பழைய சங்கதி ஞாபகம் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அவளைப் பாட்டு வகுப்புக்கு அனுப்பினேன். பதின்மூன்று வயதில் குரல் தடித்தது. ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே குரல் உடையும் என்று நினைக்கிறோம், பெண் பிள்ளைகளுக்கும் மாறும். மேல் சட்ஜமம் எட்டாமல் பிசிறடித்த ஒருநாள், விருந்தாளிகள் முன்னால், "பொம்பளப் பிள்ளத் தொண்டையா இது, தகரம் மாதிரி" என்றேன். அதன்பிறகு அவள் பாடவில்லை. என் குரலுக்குத் தேன் தடவியவர்களை எத்தனையோ கட்டுரைகளில் கேள்வி கேட்டிருக்கிறேன். என் வீட்டில் அந்த வேலையை நானே செய்தேன் என்று அந்த நோட்டைப் படிக்கும்வரை எனக்கு உறைக்கவில்லை.

பத்து நாள் முடிந்ததும் குரல் பயிற்சிக்குப் போனேன். பயிற்சி தந்த பெண்ணிடம் இந்த உறுமலைப் பற்றிக் கேட்டேன், கேலி செய்வார் என்று எதிர்பார்த்து. அவர் ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார். பேசும்போது உரசும் குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்புகள் உண்டு. அவற்றுக்குப் பொய்க் குரல்நாண்கள் என்று பெயர். சாதாரணப் பேச்சில் அவற்றுக்கு வேலையில்லை. உறுமிப் பாடுகிறவர்கள் அவற்றையும் அதிரவைக்கிறார்கள். முறையாகப் பழகினால் மூச்சுதான் அதைத் தாங்கும், தொண்டையை இறுக்கிக் கத்தினால் புண்ணாகும் என்றார். ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்த மடிப்புகள் உண்டா? "எல்லாருக்கும் உண்டு மேடம்." வீட்டுக்கு வந்து சொன்னேன். இதற்காகவே காத்திருந்ததுபோல மகள் ஆஞ்சலா கோஸோவைப் போட்டுக்காட்டினாள். ஜெர்மானியப் பெண். ஆர்ச் எனிமி என்ற ஸ்வீடன் குழுவில், ஓர் ஆண் பாடிய இடத்துக்கு வந்து உறுமியவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஆண் பெண் தெரியாது. நமக்குள் எல்லோரிடமும் இருக்கிற, பெண்ணுக்கு மட்டும் பழக்கப்படாத ஒரு மடிப்பு. பொய்க் குரல் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கென்னவோ பதினெட்டு வருடமாக நான் பேசியதுதான் பொய்க் குரல் என்று தோன்றியது.

இனிமேல்தான் என் பாடத்துக்கு வருகிறேன். புறநானூற்றின் 279ஆம் பாட்டு ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. தமிழ் படித்த எல்லோருக்கும் தெரியும். முன்னொரு போரில் ஓர் உறவை இழந்தவள், நேற்றுப் போரில் கணவனை இழந்தவள், இன்று போர்ப்பறை கேட்டதும் ஒரே மகனுக்குத் தலைவாரி, வெள்ளாடை உடுத்தி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். துறை மூதின்முல்லை. வீரத்தாய் என்று எனக்குச் சொல்லித்தந்தார்கள், நானும் சொல்லித்தந்தேன். குரலைக் கொஞ்சம் நடுங்கவிட்டுப் படிப்பேன். பிள்ளைகளுக்குக் கண்ணில் நீர் வரும்.

அந்தப் பாட்டின் முதல் வாக்கியம் ஒரு சாபம். இவள் சிந்தை கெடட்டும் என்று தொடங்குகிறது. அவள் துணிவு கொடியது என்கிறது. பழிப்பதுபோலப் புகழ்வது என்று அதற்கு விளக்கம் தருவோம். நடுவில் அவள் மயங்கினாள் என்றும் ஒரு சொல் வருகிறது. அதையும் போர் விருப்பத்தில் சேர்த்து விளக்கிவிட்டு நகர்ந்துவிடுவோம். பேச்சு நின்றிருந்த நாட்களில் புத்தகத்தை எடுத்து, மனதுக்குள் தேன்குரல் இல்லாமல், கார்ல் வில்லெட்ஸின் குரலில் அந்தப் பாட்டை வாசித்துப் பார்த்தேன். சிரிப்பாகத்தான் தொடங்கினேன். சாபம் சாபமாகவே கேட்டது. மயங்கினாள் என்ற இடத்தில், இரண்டு சாவு கண்டு நிலைதடுமாறிய ஒருத்தி, பறைச் சத்தம் கேட்டு என்ன செய்கிறோம் என்று தெரியாமல் பிள்ளையின் தலையில் எண்ணெய் தடவுவது தெரிந்தது. புகழ்ச்சி பாட்டில் இருக்கிறதா, வாசித்த குரலில் இருந்ததா? இனிய குரல் கொடுமையை விழுங்கச் செய்துவிடுகிறது. அதற்காகத்தான் அந்தக் குரலை நம்மிடம் வளர்க்கிறார்களோ என்றும் தோன்றியது.

இப்படிச் சொல்வதால் போல்ட் த்ரோவருக்கு நான் முழுவதும் இணங்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்தத் தொகுப்போடு எனக்குச் சண்டை உண்டு. ஒன்பது பாட்டிலும் சாகிறவன் சிப்பாய், நினைக்கிறவனும் சிப்பாய். அவனுக்குத் தலைவாரி அனுப்பியவள் எங்கே? கூரை இடிந்த கோவென்ட்ரியில் அன்று இரவு செத்தவர்கள் பதுங்குகுழியில் இருந்தவர்களா? நம் நடுகற்களும் அப்படித்தான். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ல் கண்டெடுத்த, தமிழி எழுத்துப் பொறித்த கல்லில், ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனுக்குப் பெயர் இருக்கிறது. அவனுக்காக அழுதவளுக்கு இல்லை. தமிழில் எழுதுகிற எனக்குப் போர் என்ற சொல் அருங்காட்சியகத்திலும் இல்லை. 2009ல் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி, 2017லிருந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் தாய்மார்கள் தெருவோரத்தில் படங்களோடு உட்கார்ந்தார்கள். கல் நட முடியாத சாவு அவர்களுடையது. இறந்தான் என்று சொல்லிவிட்டால் தேடுவதை விட்டதாகிவிடும். அவர்களில் பலருடைய குரலைக் காணொளிகளில் கேட்டிருக்கிறேன். கத்திக் கத்தித் தேய்ந்த குரல். அந்தக் கரகரப்பை யாரும் தேன் என்று சொல்லிவிட முடியாது. போல்ட் த்ரோவரின் தொகுப்பில் பத்தாவது பாட்டு ஒன்று இருந்திருந்தால் அது அந்தக் குரலில்தான் இருந்திருக்க வேண்டும்.

இருந்தாலும் அவர்களிடம் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். குறையில்லாத ஒரு தொகுப்பைச் செய்துவிட்டால் நிறுத்திக்கொள்வோம் என்று அவர்கள் சொல்லி வந்திருந்தார்கள். தோஸ் ஒன்ஸ் லாயலுக்குப் பிறகு அடுத்த தொகுப்புக்குப் பாட்டெழுதத் தொடங்கினார்கள். 2008ல் அதை நிறுத்தினார்கள். எழுதியது முந்தையதற்கு ஈடாக வரவில்லை என்பது காரணம். விற்றிருக்கும், ரசிகர்கள் வாங்கியிருப்பார்கள். வெளியிடவில்லை. மேடைகளில் மட்டும் தொடர்ந்து வாசித்தார்கள். 2015 செப்டம்பர் 14 அன்று டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் கேர்ன்ஸ் இறந்துபோனார். முப்பத்தெட்டு வயது. பதின்ம வயதில் குழுவுக்கு வந்தவர். சரியாக ஒரு வருடம் கழித்து, 2016ல் அதே தேதியில் குழு முடிந்தது என்று அறிவித்தார்கள். அவர் இடத்தில் இன்னொருவரை உட்காரவைக்க அவர்களுக்கு மனமில்லை. தொகுப்பின் தலைப்பு கடைசியில் அவர்களுக்கே பொருந்திவிட்டது.

அந்த நாட்களில் என் மேசையில் மூன்றாவது கவிதைத் தொகுப்பின் மெய்ப்பு கிடந்தது. புத்தகக் கண்காட்சிக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டிருந்தேன். ஐந்து வருடமாகப் புத்தகம் வரவில்லை, மறந்துவிடுவார்கள் என்ற பயம். பேசாமல் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு கவிதைகள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. எதிலும் பிசிறில்லை. மேடையில் வாசித்தால் கைதட்டல் எங்கே விழும் என்று எழுதும்போதே தெரிந்து எழுதியவை. பதிப்பாளருக்கு எழுதி, மெய்ப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவர் வருத்தப்பட்டார். எனக்கும் அன்றைக்குத் தூக்கமில்லை. பெண்கள் ஏற்கெனவே போதுமான அளவு மௌனமாக இருந்தாயிற்று, இன்னும் எதற்கு மௌனம் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். வாயைப் பொத்துவது வேறு, சரியான குரல் வரும்வரை காத்திருப்பது வேறு. இரண்டையும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே இருப்பவளுக்கு வித்தியாசம் தெரியும். ஐம்பத்திரண்டில் நான்கை வைத்துக்கொண்டேன்.

மகளுக்குப் பழைய பேஸ் கிட்டார் ஒன்று வாங்கியிருக்கிறோம். பொதுத்தேர்வு முடியும்வரை ஒரு நாளைக்கு அரைமணி நேரம்தான் என்று ஒப்பந்தம். தகரம் என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "எப்ப சொன்ன? எனக்கு ஞாபகமில்லையே" என்றாள். ஞாபகமிருக்கிறது என்று அவள் முகம் சொன்னது.

விடுப்பு முடிந்து கல்லூரிக்குப் போனேன். கழுத்தில் மாட்டும் சிறிய ஒலிபெருக்கி ஒன்றை என் பணத்தில் வாங்கிக்கொண்டேன். தடிப்பு சுருங்கியிருக்கிறது, முழுவதும் போகவில்லை. பழைய குரல் வராமலே போகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் வாரமே 279 வந்தது. கரகரத்த குரலில், நடுக்கம் எதுவும் சேர்க்காமல், ஒவ்வொரு சொல்லையும் அதன் இடத்தில் வைத்து வாசித்தேன். யாரும் கண் கலங்கவில்லை. வகுப்பு அமைதியாக இருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து நின்றாள்.

"மேம், அப்ப அந்தம்மாவப் பாராட்டலையா? திட்டுறாங்களா?"

பதினெட்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. "நீயே ஒருதடவ வாசிச்சுட்டுச் சொல்லு" என்றேன். அவள் வாசிக்கத் தொடங்கினாள்.